இரண்டாவது துளை

ஓர் எந்திரம் பழுதுபட்டால், பழுது எங்கே இருக்கிறது என்று தேடுவதற்கு முன்பே, பழி யாருடையது என்று தேடத் தொடங்கிவிடுகிறோம். எந்திரத்துக்கு வாய் இல்லை. மனிதனுக்கு வாய் இருந்தும் பல வேளைகளில் பேச இடம் கிடைப்பதில்லை. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டு ஜீப் எனக்குக் கற்பித்த பாடம் இது. எழுதினால் என் குற்றம் நாலு பேருக்குத் தெரிந்துவிடுமே என்று நெடுநாள் தயங்கினேன். தெரியட்டும் என்றே இப்போது எழுதுகிறேன்.

எங்கள் ஊர் விருதுநகர். விருதுபட்டி என்றிருந்து 1923இல் விருதுநகரான ஊர். மிளகாய், பருப்பு, எண்ணெய் என்று வியாபாரத்தாலேயே பெயர் பெற்றது. எங்கள் குடும்பத் தொழில் பழைய தாள். அண்டையிலுள்ள சிவகாசிக்குத் தாள் எவ்வளவு வந்தாலும் போதாது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள் என்பதும், அந்த விதையிலிருந்து பட்டாசும் அச்சுத்தொழிலும் கிளைத்துப் பரந்தன என்பதும் இப்பகுதியில் பிள்ளைகளும் அறிந்த செய்தி. பட்டாசுக்கு மருந்து உயிர் என்றால் தாள்தான் உடல். தாளை இறுகச் சுருட்டிக் குழலாக்கி, அதற்குள்தான் மருந்தை அடைக்கவேண்டும். அந்தக் குழலுக்கான தாளைக் கட்டுக்கட்டாக வாங்கி விற்றவர்கள் மர்ஹூம் அத்தா அவர்கள். 1984இல் அவர்கள் மௌத்தானபின் கடையும் கணக்கும் என் கைக்கு வந்தன. அவர்கள் ஆசையோடு வைத்திருந்த பெட்ரோல் ஜீப்பும் வந்தது.

அந்த ஜீப்பைப் பற்றி அத்தா ஒரு செய்தியை அடிக்கடி சொல்வார்கள். அதைச் செய்த நிறுவனம் 1945இல் தொடங்கப்பட்டபோது அதன் பெயர் 'மஹிந்திரா அண்டு முஹம்மது' என்பதாகும். கூட்டாளியான குலாம் முஹம்மது பிரிவினையின்போது பாகிஸ்தான் சென்று, அந்நாட்டின் முதல் நிதியமைச்சராகவும் பின்னர் கவர்னர் ஜெனரலாகவும் ஆனார். 1948இல் நிறுவனத்தின் பெயர் 'மஹிந்திரா அண்டு மஹிந்திரா' என்று மாறியது. அமெரிக்க நாட்டின் வில்லிஸ் ஜீப்பை உரிமம் பெற்று இந்தியாவில் உருவாக்கியவர்கள் அவர்களே. எங்கள் வண்டியின் எந்திரத்துக்கு 'ஹரிகேன்' என்று பெயர். நான்கு சிலிண்டர்கள், ஏறத்தாழ 2,200 சி.சி. காற்றும் பெட்ரோலும் கலந்து உள்ளே நுழையும் வால்வு தலைப்பகுதியிலும், புகை வெளியேறும் வால்வு கீழே உடற்பகுதியிலும் அமைந்த பழைய முறை. முரட்டு உழைப்பாளி. கரிசல் காட்டுப் பாதையில் மழைநாளில் மாட்டுவண்டிகூடத் தயங்கும் இடத்தில் அது போய் வந்தது.

1986ஆம் ஆண்டு மார்ச்சில் என் தங்கையின் நிக்காஹ். மாப்பிள்ளை வீட்டாரை அழைத்து வரவேண்டுமே என்று ஜீப்புக்குப் பச்சை வர்ணம் அடிக்கச் செய்தேன். வேலை முடிந்தபின் கொஞ்சம் வர்ணம் மீந்தது. அதை வீணாக்க மனமில்லாமல், துருவேறியிருந்த சில்லறைச் சாமான்களை நானே உப்புத்தாளால் தேய்த்துப் பூசினேன். கைப்பிடி, விளக்கின் வளையம், பெட்ரோல் மூடி எல்லாம் புதிதாகிவிட்டன. மூடியின் உள்ளே காய்ந்து வெடித்திருந்த தக்கை வாஷரை எடுத்தெறிந்துவிட்டுக் கனமான ரப்பர் வாஷர் ஒன்றும் போட்டேன். மணமகனின் மாமு வண்டியைத் தட்டிப் பார்த்து, "புது வண்டி மாதிரி இருக்கே!" என்றார். எனக்கும் பெருமைதான்.

ஏப்ரலில் தொல்லை தொடங்கியது. விருதுநகரிலிருந்து சிவகாசி ஏறத்தாழ 26 கிலோமீட்டர். ஆமத்தூரைத் தாண்டுவதற்குள் வண்டி இளைக்கும். இழுவை குறையும். கார்புரேட்டர் தும்மும். சைலன்சர் 'பட்டார் பட்டார்' என்று வெடிக்கும். பிறகு நின்றுவிடும். அரைமணி நேரம் வேப்பமர நிழலில் உட்கார்ந்துவிட்டு ஸ்டார்ட்டரை மிதித்தால், ஒன்றுமே நடவாததுபோல் கிளம்பும். மறுநாள் அதே சாலையில் போய்த் திரும்பும்வரை ஒரு குறையும் இராது.

மூன்று மெக்கானிக்குகளிடம் போனோம். ஒருவர் டிஸ்ட்ரிபியூட்டரில் பாயிண்டும் கண்டென்சரும் மாற்றினார். இரண்டாமவர் கார்புரேட்டரைப் பிரித்து ஜெட்டுகளை ஊதிச் சுத்தம் செய்தார். மூன்றாமவர் ஏசி பம்பின் டயஃப்ரம் போய்விட்டது என்று புதிது போட்டார். வெயிலில் குழாயில் ஆவி அடைக்கிறது என்று பம்பின்மேல் ஈரத்துணியும் சுற்றிக் கொடுத்தார். ஒவ்வொரு முறையும் இருந்த பெட்ரோலைத் தகரத்தில் வடித்தார்கள். வேலை முடிந்ததும் இரண்டு லிட்டரை ஊற்றி ஓட்டிக் காட்டினார்கள். ஒவ்வொரு முறையும் வண்டி அருமையாக ஓடியது. கூலி கொடுத்து வீடு திரும்பினேன். நாலு நாளில் மறுபடியும் வேப்பமர நிழல்.

நான் கணக்கு எழுதிப் பழகியவன். பெட்ரோல் போட்ட நாள், அளவு, வண்டி நின்ற நாள் ஆகியவற்றை ஒரு நோட்டில் குறித்து வந்தேன். அதை ஒருநாள் இரவு புரட்டியபோது எனக்கு ஒன்று பளிச்சென்று தெரிந்தது. டாங்கி நிறையப் பெட்ரோல் போட்ட நாள்களில்தான் வண்டி நிற்கிறது! பெட்ரோல் போட்டு வருபவன் எங்கள் ஓட்டுநர் பையன். அக்காலத்தில் ரேஷன் மண்ணெண்ணெய்க்கும் பெட்ரோலுக்கும் விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. பெட்ரோலில் மண்ணெண்ணெய் கலப்பது எங்கும் கேள்விப்பட்ட திருட்டு. இவன் பங்கில் பாதி பெட்ரோலுக்குக் காசைச் சுருட்டிக்கொண்டு, மீதியை மண்ணெண்ணெயால் நிரப்புகிறான் என்று என் மனம் தீர்ப்பெழுதியது. பங்குக்குப் போய் அங்கிருந்தவரிடம், "எங்கள் பையன் உண்மையில் எவ்வளவு போடுகிறான்?" என்று தணிந்த குரலில் விசாரித்தேன். நான் கேட்ட தோரணையிலேயே பையனின் மானம் பாதி போய்விட்டது என்பது அன்று எனக்கு உறைக்கவில்லை.

அவனுக்கு இருபத்தொரு வயது. ஆமத்தூர்ப் பக்கம் ஒரு சிற்றூர். அவன் தாயார் பட்டாசுக் கொட்டகையில் வேலை பார்த்தவர். மகனுக்கு லைசென்ஸ் எடுத்துக் கொடுத்து, "இவன மருந்துப் பக்கம் விடாம ஒரு வேல குடுங்க மொதலாளி" என்று அத்தாவிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார்.

மே மாதத்தில் ஒருநாள், நிலுவை வசூலிக்கச் சிவகாசி சென்றோம். அங்கே டாங்கியை நிரப்பிக்கொண்டு வெம்பக்கோட்டைச் சாலையில் ஒரு பட்டாசு ஆலைக்குப் போனோம். ஆலையின் வாயிலை நெருங்கும்போது வண்டி தும்மியது. அடுத்த கணம் சைலன்சரில் பெருஞ்சத்தத்தோடு ஒரு வெடி.

வேறு ஊரில் இது சிரிப்புக்கு உரியது. பட்டாசு ஆலையின் வாயிலில் இதற்குப் பொருளே வேறு. அங்கே பாதுகாப்புக்காகக் கொட்டகைகள் ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளிக் கட்டப்பட்டிருக்கும். ஒரு கொட்டகையில் நான்கு பேருக்குமேல் இருக்கலாகாது. மருந்துக் கலவையை வெயில் ஏறுமுன் விடியலிலேயே முடித்துவிடவேண்டும். சரக்கேற்றும் வண்டியின் புகைக்குழாயில் பொறி தடுப்பான் இருந்தாகவேண்டும். ஒரு பொறிக்கு அஞ்சியே அங்கே வாழ்க்கை நடக்கிறது. சத்தம் கேட்டுக் கொட்டகைகளிலிருந்து பெண்கள் அலறிக்கொண்டு வெளியே ஓடிவந்தார்கள். ஒரு பெண் வரப்பில் தடுக்கி விழுந்து, எழுந்து, மீண்டும் ஓடினார். மேலாளர் வாயிலுக்கு வந்தபோது அவர் முகத்தில் இரத்தமே இல்லை. "பாய், இனி இந்த வண்டி எங்க காம்பவுண்டுப் பக்கம் வரக்கூடாது. உங்க தாளும் வேண்டாம்" என்று கும்பிட்டுச் சொன்னார். கோபித்துப் பேசியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் கும்பிட்டதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

அந்த ஆத்திரம் முழுவதும் பையன்மேல் இறங்கியது. அவன் ஊர்த் தேநீர்க்கடை எதிரில் வண்டி மறுபடியும் நின்றபோது, நாலு பேர் பார்க்க அவனை இறங்கச் சொன்னேன். "முதலாளி, ஒண்ணு சொல்லணும். மூடியத் தொறக்கும்போது..." என்று அவன் தொடங்கினான். "மூடியைத் திறந்து என்ன ஊத்தினேன்னுதான் நானும் கேக்குறேன்!" என்றேன். அவன் மீண்டும் வாயெடுத்தான். "திருடனுக்கு விளக்கம் வேறயா?" என்று அடக்கிவிட்டுச் சாவியைப் பிடுங்கிக்கொண்டேன்.

அதன்பின் நானே ஓட்டினேன். சிக்கனம் கருதி ஒவ்வொரு நாளும் ஐந்து லிட்டர் மட்டுமே போட்டேன். மூன்று வாரங்கள் வண்டி ஒருநாளும் நிற்கவில்லை. "பாத்தீங்களா அம்மா, பையன் போனதும் வியாதியும் போச்சு" என்றேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை.

பெருநாள் முடிந்த வாரம், மதுரைக்குப் போகவேண்டியிருந்தது. பங்கில் நானே நின்று, என் கண்ணெதிரே டாங்கியின் கழுத்துவரை பெட்ரோல் போடச் செய்தேன். கள்ளிக்குடி வருவதற்கு முன்பே வண்டி இளைத்தது, தும்மியது, வெடித்தது, நின்றது.

சாலையோரம் தனியே அமர்ந்திருந்த அந்த அரைமணி நேரத்தை என்னால் மறக்க இயலாது. இன்னும் பழுது என்னவென்று தெரியாது. ஆனால் அது பையன் இல்லை என்று தெரிந்துவிட்டது.

விருதுநகரில் வயது முதிர்ந்த மிஸ்திரி ஒருவர் இருந்தார். இரண்டாம் உலகப்போரின்போது இராணுவப் பட்டறையில் ஜீப்பைப் பிரித்துப் பூட்டியவர். கண்பார்வை மங்கியதால் பட்டறையை மூடிவிட்டு, அஸருக்குப்பின் பள்ளிவாசல் திண்ணையில் அமர்ந்திருப்பார். ஜீப்பை அவர் வீட்டு வாசலில் நிறுத்தினேன். அவர் பானெட்டைத் திறக்கவில்லை. என்னைத் திண்ணையில் உட்காரவைத்துக் கேள்விகளாகக் கேட்டார். காலையில் முதல் மிதியிலேயே கிளம்புகிறதா? கரும்புகை வருகிறதா? ஏற்றத்தில் எந்திரம் தட்டுகிறதா? நின்றால் எவ்வளவு நேரத்தில் கிளம்புகிறது? நின்ற நாளில் டாங்கியில் எவ்வளவு இருந்தது?

என் நோட்டைக் கொடுத்தேன். பேரனைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு ஒரு பிளக்கைக் கழற்றி வரச் சொல்லி, அதன் முனையைக் கண்ணருகே வைத்துப் பார்த்தார்.

"தம்பி, மண்ணெண்ணெய் கலந்திருந்தா காலையில கிளம்ப மக்கர் பண்ணும். புகை கக்கும். பிளக்குல கரி அப்பியிருக்கும். இது வெளுத்துப் போயிருக்கு. வண்டி பட்டினி கிடந்திருக்கு. பெட்ரோலே போய்ச் சேரல. சரி, சந்தேகம் வந்த அன்னைக்கு ஒரு வெள்ளைத் தாள்ல ரெண்டு சொட்டு விட்டுப் பாத்திருக்கலாமே? பெட்ரோல் பறந்துடும், மண்ணெண்ணெய் எண்ணெய்க் கறைய விட்டுட்டுப் போகும். தாள் வியாபாரி வீட்ல ஒரு துண்டுத் தாள் கிடைக்கலியா?"

நான் தலை குனிந்தேன்.

மறுநாள் ஸுப்ஹுக்குப்பின் டாங்கியை நிரப்பிக்கொண்டு, அவரையும் அருகில் அமர்த்தி ஆமத்தூர்ச் சாலையில் ஓட்டினேன். வழக்கமான இடத்தில் வண்டி இளைத்து நின்றது. "பானெட்டத் தொடாதீங்க. பெட்ரோல் மூடிய மெதுவாத் திறங்க" என்றார். திறந்தேன். 'உஸ்' என்று நீளமாக ஒரு சத்தம்; வெளிக்காற்று உள்ளே பாய்ந்தது. "இப்ப மிதிங்க." எந்திரம் உடனே உயிர்பெற்றது. அரைமணி நேரம் காக்கவில்லை. அரை நிமிடம்கூட ஆகவில்லை.

அந்தச் சத்தத்தைக் கேட்டபோது, "மூடியத் தொறக்கும்போது..." என்ற குரல் என் காதில் ஒலித்தது. பையன் சொல்ல வந்தது இதைத்தான். பழுதுக்கான விடை அவன் நாவின் நுனியில் இருந்தது. அதை வெளியே வரவிடாமல் அடைத்தவன் நான்.

மிஸ்திரி மூடியை வாங்கி வெயிலில் உயர்த்திப் பிடித்துத் தடவினார். "இதுல ஊசி நுழையற அளவுக்கு ஒரு துளை இருந்திருக்கும். யாரோ வர்ணம் பூசி அடைச்சிருக்காங்க. போதாததுக்கு ரப்பர் வாஷர் வேற" என்றார். யார் என்று அவர் கேட்கவில்லை. சட்டைப் பையிலிருந்து ஊசியை எடுத்துக் குத்தினார். பச்சை வர்ணம் பொருக்காகப் பெயர்ந்து விழுந்தது.

அவர் விளக்கியபோது எனக்கு மேலும் வெட்கமாயிற்று. "விருதுநகர்ல பிறந்துட்டு இது தெரியலியா? எண்ணெய் டின்ல ஒரு பக்கம் மட்டும் துளை போட்டா எண்ணெய் 'குளுக் குளுக்'னு விக்கும். எதிர்ப்பக்கம் இன்னொரு துளை போட்டாத்தான் கம்பி மாதிரி ஒழுகும். வெளியே போற எண்ணெய்க்கு ஈடா உள்ளே காத்து போகணும். டாங்கியும் அப்படித்தான். பெட்ரோல் போன இடத்துக்குக் காத்து வரலேன்னா உள்ளே வெற்றிடம் உண்டாகி, பம்பால இழுக்க முடியாது."

டாங்கி நிறைந்திருந்தால் மேலே காற்றுக்கான இடம் மிகச் சிறிது. ஓரிரு லிட்டர் செலவானதும் அந்தச் சிறு காற்று மெலிந்து வெற்றிடம் வலுத்துவிடும். வண்டி பத்துக் கிலோமீட்டருக்குள் நின்றுவிடும். டாங்கியில் பெட்ரோல் குறைவாக இருந்தாலோ காற்று நிறைய இருக்கும். ஐந்து லிட்டர் போனாலும் குறை தெரியாது. வண்டி நின்றபின் வாஷரின் இடுக்கு வழியே காற்று மெல்லக் கசிந்து உள்ளே போகும். ஆகவேதான் அரைமணியில் கிளம்பியது. போதிய பெட்ரோல் வராதபோது கலவையில் காற்று மிகுந்து கார்புரேட்டர் தும்மும். எரியாமல் தப்பியது சைலன்சரில் போய் வெடிக்கும். பெட்ரோலை வடித்துவிட்டு வேலை செய்த மூன்று மெக்கானிக்குகளும் வெற்றிபெற்றதுபோல் தோன்றியதும், நான் ஓட்டிய மூன்று வாரங்கள் வண்டி நல்லபிள்ளையாக இருந்ததும் இதனால்தான். என் நோட்டிலிருந்த ஒவ்வோர் எழுத்தும் உண்மை. அதை வாசித்த என் மனம்தான் பொய்யானது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். "அல்லாஹ்வுக்குச் செஞ்ச குத்தத்துக்குத் தொழுது அழுதா மன்னிப்பான். மனுசனுக்குச் செஞ்சதுக்கு அந்த மனுசன்கிட்டதான் போகணும்" என்றார்கள். மறுநாளே புறப்பட்டேன்.

பையன் வீட்டில் இல்லை. அருகிலிருந்த பட்டாசு ஆலையில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். பொழுது சாய்ந்தபின் வந்தான். கைகளிலும் முகத்திலும் அலுமினியத் தூள் வெள்ளிபோல் மின்னியது. எந்த வேலைக்கு மகன் போகக் கூடாதென்று அந்தத் தாய் எங்கள் வாசலில் நின்றாரோ, அதே மருந்து அறைக்கு அவனை நான் அனுப்பியிருந்தேன். 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசியை அடுத்த முதலிப்பட்டி வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர் என்ற செய்தி கேட்ட அன்றும், எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது அந்த வெள்ளிநிறக் கைகள்தான்.

நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். வேலையில்லாத நாள்களுக்கும் சேர்த்துச் சம்பளத்தை நீட்டினேன். அவன் தாயார் வாங்கி எண்ணிப் பார்த்தார். பிறகு நிதானமாகக் கேட்டார்: "பணக் கணக்கு சரியா இருக்கு மொதலாளி. பேருக்கு என்ன கணக்கு?"

ஊரே அவனைத் திருடன் என்று பேசிக்கொண்டிருந்தது. பெண் கொடுக்கப் பேசியிருந்த ஓர் இடமும் பின்வாங்கிவிட்டதாம்.

அன்று இரவே தேநீர்க்கடைக்குப் போனேன். எங்கே நின்று அவனைத் திருடன் என்றேனோ, அதே இடத்தில் நின்று, மூடியை எடுத்துக் காட்டி, "இதை அடைத்தவன் நான், இவன் குற்றமற்றவன்" என்றேன். மறுநாள் பெட்ரோல் பங்கில் சொன்னேன். அதற்கு மறுநாள் அந்த ஆலையின் மேலாளரிடம், வண்டியை வெகுதூரத்தில் நிறுத்திவிட்டு நடந்துபோய்ச் சொன்னேன். பழுதை நீக்க ஓர் ஊசியும் அரை நிமிடமும் போதுமாயின. ஒரு பெயரைச் செப்பனிட மூன்று நாள்கள் அலைந்தேன். அப்படியும் முழுவதும் செப்பமாயிற்றா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பையன் என்னிடம் வேலைக்குத் திரும்பவில்லை. "வருத்தமில்ல முதலாளி, ஆனா வரல" என்றான். மிஸ்திரியிடம் இதைச் சொன்னபோது, "எனக்குக் கண் இல்ல, அவனுக்குக் காது இருக்கு. அனுப்பிவைங்க" என்றார். மூடிய பட்டறை மீண்டும் திறந்தது. மிஸ்திரியின் காலத்துக்குப்பின் அவனே அதை நடத்தினான். எங்கள் ஜீப் விலைபோகும்வரை அவன் கையைத் தவிர வேறு கை அதன்மேல் படவில்லை.

இன்று என் பேரனின் வண்டியில் கணிப்பொறி இருக்கிறது. பழுது வந்தால் சிறு கருவி ஒன்றைச் செருகுகிறான். அது ஓர் எண்ணைக் காட்டுகிறது. பெட்ரோல் டாங்கி இப்போதும் மூச்சுவிட வேண்டியிருக்கிறது. மூடித் துளைக்குப் பதில் கரித்தூள் நிரம்பிய ஒரு டப்பா வழியே விடுகிறது, அவ்வளவே. 'கலவையில் காற்று மிகுதி' என்று கருவி சொல்லும். ஏன் மிகுந்தது என்று சொல்லாது. அதை மனிதன்தான் கேட்டறிய வேண்டும். அவசரக்காரன் கையில் அந்த எண்ணும் என் நோட்டுப்போலத்தான்.

வீட்டில் ஏதாவது காணாமற்போய், வேலைக்கு வருபவர்மேல் எல்லோருடைய கண்ணும் திரும்பும்போது, நான் பிள்ளைகளிடம் ஒன்றே ஒன்று சொல்வேன்: "அவங்க சொல்ல வந்ததை முழுசாச் சொல்ல விடுங்க." எண்ணெய் டின்னுக்கு இரண்டாவது துளை எதற்கென்று அவர்களுக்கும் தெரியும்.